ஒற்றைப் படுக்கை வைத்த வண்டி

இனிமேல் குழந்தைக்கு முயற்சி செய்ய வேண்டாம் என்று சென்னையில் டாக்டரம்மா சொன்ன அன்று நாங்கள் இரண்டு பேருமே அழவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார், தலையாட்டினேன். செருப்புக் கடையில் உங்கள் சைஸ் இல்லை என்று சொல்வார்களே, அந்த மாதிரிதான் இருந்தது. திரும்பி வரும் வழியில் ஜி.எஸ்.டி. ரோட்டில் சாப்பிட நிறுத்தினோம். நான் பொங்கல், அவர் பூரி. சாம்பார் ஆறிப் போயிருக்கிறது என்று சர்வரிடம் நன்றாகச் சண்டை போட்டேன். எத்தனையோ வருஷத்து ஊசி, மாத்திரை, லீவு, வேண்டுதல் எல்லாம் அந்த ஆறிப்போன சாம்பாரோடு முடிந்தது. வீட்டுக்கு வந்து துணி காயப்போட்டேன்.

என் கணவர் அணு உலையில் இன்ஜினியர். எங்களுக்கு அணுபுரம் டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ். நான் செங்கல்பட்டில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். தினம் திருக்கழுக்குன்றம் வழியாக பஸ். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். நூலகத்தில் பேசக் கூடாது என்பதால் அந்த வாயை அப்படியே பஸ்ஸுக்கும் வீட்டுக்கும் சேர்த்து வைப்பேன் என்று என் கணவர் கேலி செய்வார். அவர் அதிகம் பேச மாட்டார். இருபது வார்த்தை பேச வேண்டிய இடத்தில் இரண்டு பேசிவிட்டு, அதில் ஒன்று கூடுதலோ என்று யோசிப்பார்.

டாக்டரம்மா சொன்ன பிறகு நான் சின்ன அறைக்குப் போய்ப் படுக்க ஆரம்பித்தேன். அந்த அறைக்கு நாங்கள் வேறு யோசனை வைத்திருந்தோம்; அது இனி எதற்கு. ராத்திரி விளக்குப் போட்டுப் படிக்கணும், உங்களுக்குத் தொந்தரவு என்று அவரிடம் சொன்னேன். ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். துக்கமாக இருந்தது என்று சொன்னால் பொய். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் யாரோ வேறு ஒருத்தர் கன்னத்தைத் தொடுகிற மாதிரி இருக்குமே, ஆள் முழுக்க அப்படி ஆகிவிட்டேன்.

அடுத்த மாதமே அவர் ஒரு பிக்கப் வண்டியோடு வந்து நின்றார். பழைய வண்டி, நாலு சக்கரமும் இழுக்கும் ரகம், பின்னால் திறந்த தொட்டி. பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து, எந்தக் கடைக்குச் சரக்கு ஏற்றப் போகிறீர்கள் என்று கேட்டேன். காடு, மலை, கடற்கரை என்று ரோடு இல்லாத இடத்துக்குப் போகலாம், வண்டியிலேயே சமைத்து வண்டியிலேயே தூங்கலாம், அதற்கு ஏற்ற மாதிரி மாற்றப் போகிறேன் என்றார். யார் போகப் போவது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் கையில் மிஞ்சியிருந்த லீவையும் எங்கள் கையில் மிஞ்சியிருந்த எல்லாவற்றையும் அந்த வண்டிதான் விழுங்கப் போகிறது என்பது மட்டும் புரிந்தது. விழுங்கட்டும் என்றிருந்தது.

கருங்குழிக்குப் பக்கத்தில் வண்டிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்று. சனி, ஞாயிறு என்றால் அவர் அங்கேதான். பின்பக்க ஸ்பிரிங்கில் லீஃப் பட்டை சேர்த்து வண்டியைத் தூக்கினார். பெரிய பூப்போட்ட டயர். முன்னால் இரும்பு பம்பர், அதில் வண்டி சிக்கிக்கொண்டால் மரத்தில் கட்டி இழுத்துக்கொள்ள இரும்புக் கயிறு சுற்றிய விஞ்ச். தண்ணீருக்குள் இறங்கினாலும் இன்ஜினுக்குக் காற்றுப் போக, கண்ணாடி ஓரமாக மேலே ஏறும் ஒரு குழாய். ஒன்றையும் வெட்டக் கூடாது, சேஸிஸில் வெல்டிங் வைக்கக் கூடாது, எல்லாம் போல்ட் போட்டு மாட்டிக் கழற்றுவதாக இருக்க வேண்டும் என்பதில் மனுஷன் குறியாக இருந்தார்.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. அவர் வேலை பார்க்கிற இடத்தில் எதற்கும் ஒரு ஸ்டாண்ட்பை உண்டு. ஒரு பம்பு நின்றால் இன்னொரு பம்பு ஓடும். வண்டியிலும் அப்படியே. பேட்டரி இரண்டு, தண்ணீர் டேங்க் இரண்டு, அடுப்பு இரண்டு, ஜாக்கி இரண்டு, தீயணைக்கும் சிலிண்டர் இரண்டு. மண்வெட்டி எதற்கு இரண்டு என்று கேட்டேன். ஒன்று உடைந்தால்? என்றார். எங்கள் வீட்டில் இட்லித் தட்டு ஒரு செட்டுதான் இருக்கிறது, அது உடைந்தால் என்ன செய்வது என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

டவுன்ஷிப் ஆட்கள் விடுவார்களா? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் ஏழெட்டுப் பேர் கையில் டீ டம்ளரோடு வண்டியைச் சுற்றி நின்றுவிடுவார்கள். ரிவ்யூ கமிட்டி என்று நான் பெயர் வைத்தேன். தொட்டி மேல் மடக்கி விரிக்கும் தார்ப்பாய்க் கூரையை எவ்வளவு காற்று தூக்கும் என்று ஒருத்தர் மனக்கணக்குப் போடுவார். போல்ட் துருப்பிடிக்கும், உப்புக் காற்று, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக மாற்று என்பார் இன்னொருத்தர். தகடு இன்னும் தடிமனாக இருக்கட்டும், சேஃப்டி மார்ஜின் வேண்டும் என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள். அவர் ஒவ்வொன்றையும் கேட்டுக்கொள்வார். அடுத்த வாரம் தகடு தடித்திருக்கும். ஆளுக்கு ஒரு கிலோ ஏற்றிவிட்டுப் போவது மாதிரி வண்டி கனத்துக்கொண்டே போயிற்று. கூட்டத்தில் ஒருத்தர்கூட எங்களிடம் வேறு எதையும் கேட்டதில்லை. குழந்தை இல்லாத வீட்டுக்காரர்களிடம் எல்லோருக்கும் மரியாதை ஜாஸ்தி, வண்டியைப் பற்றி மட்டும் பேசுவார்கள்.

ஒரு சனிக்கிழமை எனக்கு அரைநாள். செங்கல்பட்டு பஜாரில் ஒரு கடையில் படுக்கைக்கு ஃபோம் வெட்டி வைத்திருக்கிறார்கள், வாங்கிக்கொண்டு பட்டறைக்கு வந்துவிடு என்று போன் செய்தார். ஃபோமைச் சுருட்டிக் கயிறு கட்டிக் கொடுத்தார்கள். மதுராந்தகம் போகிற பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு கருங்குழியில் இறங்கினேன். கண்டக்டர் அதற்கும் டிக்கெட் போடவா என்றான். போடுங்க, ஜன்னலோர சீட் கொடுங்க என்றேன். வாய் மட்டும் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் எதிர்க் கடைக்குப் போல்ட் வாங்கப் போயிருந்தார். வெல்டர் ஃபோமை வாங்கி விரித்து, தொட்டியில் பொருத்தியிருந்த பலகை மேல் போட்டார். கீழே இழுப்பறைகள், மேலே பலகை. பலகைக்குப் பக்கத்தில் சமையல் சாமான் அலமாரி. கச்சிதமாக உட்கார்ந்தது. வெல்டர் கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. சார் எல்லாத்தையும் ரெண்டு ரெண்டா வெக்கச் சொல்றாரு. பெட்டு மட்டும் ஒரு ஆளுக்குத்தான் கீது. நீங்க போவலியா?"

எனக்குக் காலேஜில் அவ்வளவு லீவு தர மாட்டார்கள் என்றேன். யோசிக்காமல் வந்தது பதில். அவரும் அப்படியா என்று வேலையைப் பார்க்கப் போய்விட்டார். நான் அந்த ஃபோமைப் பார்த்தேன். என் இரண்டு தோளுக்கும் மேல் ஒரு சாண் அகலம் இருந்தால் அதிகம். மடியில் வைத்து இத்தனை தூரம் தூக்கி வந்திருக்கிறேன், புத்தியில் ஏறவில்லை.

என் கணவர் போகப் போகிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. டூருக்கு இல்லை. என்னிடமிருந்து. சத்தம் போடாமல், ஒரு ஆளைக்கூட நோகடிக்காமல், எல்லாவற்றையும் போல்ட் போட்டு முறுக்கி, பத்திரமாகக் கிளம்புகிறார். அவர் குணத்துக்கு அப்படித்தான் கிளம்புவார். எனக்கு நெஞ்சு அடைக்கவில்லை, கண்ணீர் வரவில்லை. சரி, அதுவும் நடக்கட்டும் என்றுதான் தோன்றியது. திரும்பும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்து லீஃப் பட்டையைப் பற்றி அவர் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு நான் பார்த்தது வேறு விஷயம். அவர் வேலையை விட்டால் குவார்ட்டர்ஸ் போகும். எனக்கு ஒரு அறை வேண்டும். காலேஜ் பக்கத்துத் தெருக்களில் டு-லெட் போர்டு கண்ணில் பட்டால் நின்று படிக்க ஆரம்பித்தேன். ஒரு வீட்டு அம்மாள் மாடி அறையைத் திறந்து காட்டினார். தண்ணீர் வருமா, காற்று வருமா எல்லாம் விசாரித்தேன். எத்தனை பேர் என்றார். நான் ஒருத்திதான் என்று சொல்லிப் பார்த்தேன். சொல்ல முடிந்தது. அதுதான் எனக்கே ஆச்சரியம். எங்கள் கல்யாணம் முடிந்துவிட்டதா இல்லையா என்று அவரிடம் நேராகக் கேட்டால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். அந்த ஒரு நிமிஷத்துக்கு என்னிடம் தெம்பு இல்லை.

குழப்பத்துக்குக் குறைவில்லை. வண்டி முடிந்ததும் டவுன்ஷிப் பிள்ளையார் கோயிலில் பூஜை போட்டார். குருக்கள் யார் பேருக்கு அர்ச்சனை என்று கேட்டபோது, அவர் முதலில் என் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னார், அப்புறம் தன்னுடையதை. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். வண்டி ஏறியதும் பழம் நசுங்கிய சத்தம்கூட இல்லை, அவ்வளவு கனம். விட்டுப் போகிற ஆள் எதற்கு என் நட்சத்திரத்தைச் சொல்கிறார் என்று யோசித்தேன். பழக்கதோஷமாக இருக்கும் என்று நானே முடிவுகட்டினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சாவியை எடுத்துக்கொண்டு, சதுரங்கப்பட்டினம் மணலில் ஒரு ட்ரையல் பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். நான் போய் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். எதற்கு ஏறினேன் என்று இன்றும் தெளிவாகச் சொல்ல முடியாது. முதல் ஓட்டத்தையாவது பார்த்துவிடலாம் என்று இருக்கலாம். அவர் என் காலடியில் கிடந்த கயிற்றை எடுத்துப் பின்னால் போட்டார்.

டச்சுக் கோட்டையைத் தாண்டி, சவுக்குத் தோப்பு ஓரமாகக் கடற்கரைக்கு இறங்கினோம். டயரில் காற்றைக் குறைத்தார், கியர் மாற்றினார், எல்லாம் முறைப்படி. வண்டி ஈர மணல் வரைகூடப் போகவில்லை. காய்ந்த மணலில் நாலு சக்கரமும் ஒரே நேரத்தில், அவசரமே இல்லாமல், கீழே இறங்கின. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் இறங்கியது. விஞ்சைக் கட்டலாம் என்றால் கைக்கெட்டிய தூரத்தில் மரம் கிடையாது. தோப்பு வரை அந்தக் கயிறு எட்டாது. மணலில் சக்கரத்துக்கு அடியில் போடுகிற தகடு இரண்டு வைத்திருந்தார். இரண்டும் மணலுக்குள் போய்விட்டன. இரண்டு மண்வெட்டி இருந்ததால் ஆளுக்கு ஒன்றாக வெட்டினோம், அந்த மட்டும் லாபம்.

வலை சரிபார்த்துக்கொண்டிருந்தவர்கள் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு படகு இழுக்கிற டிராக்டரை ஒருத்தர் ஓட்டிக்கொண்டு வந்தார். கொக்கி மாட்டி இழுத்தார். அவருடைய டிராக்டரின் பின்சக்கரமே மணலைத் தோண்ட ஆரம்பித்தது. இறங்கி வந்து தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், வூட்டையே ஏத்திகினு வந்துகீறீங்க?"

எல்லாவற்றையும் இறக்குங்கள், நான் போய் நீளமான கயிறு எடுத்து வருகிறேன், தள்ளி நின்று கெட்டி மண்ணிலிருந்து இழுக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். இறக்கினோம். டேங்க், பேட்டரி, சிலிண்டர், அடுப்பு, ஜாக்கி, அலமாரி. மணலில் வரிசையாக வைக்க வைக்க சந்தைக் கடை மாதிரி ஆகிவிட்டது. மீன் கூடையோடு போன ஒரு அம்மா நின்று அடுப்பைத் திருப்பிப் பார்த்து, விக்கறதா என்று கேட்டார். இரண்டு இருக்கிறது, ஒன்று எடுத்துக்கோங்க என்றேன். என் கணவர் சிரிக்கவில்லை. முகம் சுண்டிப் போயிருந்தது. பாவமாக இருந்திருக்க வேண்டும். எனக்கு ஒன்றும் இல்லை.

கடைசியாகப் படுக்கைப் பலகை. போல்ட்டைக் கழற்றி, அவர் ஒரு முனை, நான் ஒரு முனை பிடித்துத் தூக்கி, ஃபோமோடு மணலில் வைத்தோம். உட்காரு, மணல் சுடுகிறது என்றார். உட்கார்ந்தேன். இடுப்பு விட்டுப்போயிருந்தது. அப்படியே சாய்ந்து காலை நீட்டினேன். தலை அந்த விளிம்பில், குதிகால் இந்த விளிம்பில், அளவெடுத்துத் தைத்த மாதிரி. வானத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் கிடந்தேன். அவர் என்னைவிட ஒரு தலை உயரம். கல்யாணப் போட்டோவிலேயே போட்டோக்காரர் என்னை ஒரு முக்காலி மேல் ஏற்றி நிற்க வைத்தார்.

"ஏங்க, இதுல உங்களுக்குக் கால் நீட்ட முடியாதே" என்றேன்.

"எனக்கு இல்லயே. அது உனக்கு."

"நீங்க?"

"முன்சீட்டைச் சாய்ச்சுக்குவேன்."

எழுந்து உட்கார்ந்தேன். எதற்கு இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். அவர் மண்வெட்டியில் ஒட்டியிருந்த மணலை விரலால் வழித்துக்கொண்டே சொன்னார்.

"நீ சின்ன ரூமுக்குப் போயிட்ட. பக்கத்துல நான் படுத்தா உனக்குத் தூக்கம் வரலன்னு நெனச்சேன். போற இடத்துலயாவது நிம்மதியா தூங்கட்டும்னுதான்."

எனக்குக் கோபம் வந்தது. எத்தனை மாதத்துக்குப் பிறகு வருகிறது, உச்சந்தலை வரை ஜிவ்வென்று ஏறியது. வாய்க்கு வந்தபடி கத்தினேன். மாடி அறை பார்த்துவிட்டு வந்ததைச் சொன்னேன். அவர் முகம் அப்படியே வெளுத்தது. நான் விடவில்லை. டயருக்கு ஊரையே கூட்டிவைத்துக் கேட்டீர்களே, தகடு எத்தனை கனம் என்று வாரா வாரம் கேட்டீர்களே, நான் எங்கே படுக்கணும் என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா என்றேன். வலைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அவர் அதிகம் பேசாத ஆள். அன்றைக்குப் பேசினார்.

"கேட்டா சரிம்பே. டாக்டர் சொன்ன நாள்லேருந்து எதைக் கேட்டாலும் சரிங்கறே. சாப்பிடலாமா, சரி. வண்டிய மாத்தவா, சரி. என்னை விட்டுட்டுப் போயிடுன்னு சொன்னாலும் சரிம்பியோன்னு பயமா இருந்துச்சு. அதான் கேக்கல."

அவர் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு என் எதிரில் மணலில் குந்தினார்.

"இப்ப கேக்கறேன். எவ்ளோ அகலம் வேணும், சொல்லு."

அந்தக் கேள்விக்குச் சரி என்று சொல்ல முடியாது. வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. சத்தமாக, மூக்கு ஒழுக, அசிங்கமாக அழுதேன். பிறக்கவே பிறக்காத பிள்ளைக்கு, அந்தச் சின்ன அறைக்கு, எல்லாவற்றுக்கும் சேர்த்து அழுதேன். அவர் கை என் பக்கமாக வந்து பாதியில் நின்றது. தொடலாமா என்று தெரியாமல் நின்றது. என் புருஷன், என்னைத் தொட யோசிக்கிறார்.

பலகையின் ஓரத்துக்கு நகர்ந்து, படுங்க என்றேன். இடம் பத்தாதுப்பா என்றார். படுத்தால்தானே அளவு தெரியும், படுங்க என்றேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்தார். ஒரு தோள் பலகையில், ஒரு தோள் வெளியே; ஒரு கையும் ஒரு காலும் மணலில். பட்டப்பகலில், ஊர் பார்க்க, என் தலை அவர் கை மேல். இரண்டு பேர் மூச்சும் முட்டிக்கொண்டது. டிராக்டர்காரர் தோளில் கயிற்றோடு வந்தவர், எங்களைப் பார்த்ததும் திரும்பி நின்று ஒரு பீடி பற்றவைத்தார்.

"போதுமா?" என்றார் என் கணவர், மெதுவாக.

"போதாது" என்றேன்.